நரியா, பரியா? - பந்தயத் திடலில் நிற்கும் நடுவர்களின் கதை

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் போனால் வருகிற ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அவர் மாணிக்கவாசகர் ஆவதற்கு முன்பு பார்த்த வேலை என்ன தெரியுமா? பாண்டிய மன்னனிடம் அமைச்சர் வேலை. அந்த வேலையில் அவரை மாட்டிவிட்டவை குதிரைகள்!

திருவிளையாடல் புராணம் சொல்லும் கதை இது. அரிமர்த்தன பாண்டியன் தன் படைக்குக் குதிரை வாங்கி வரச் சொல்லி, கருவூலப் பணத்தைக் கொடுத்து வாதவூரரை அனுப்புகிறான். அவர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பணத்தை எல்லாம் கோயில் பணியில் செலவழித்துவிடுகிறார். மன்னன் ஆள் அனுப்பிக் கேட்கிறான். "ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும்" என்று பதில் போகிறது. சொன்னபடியே வருகின்றன. ஆனால் அவை குதிரைகள் இல்லை. சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரை வணிகனாக ஓட்டி வருகிறார்.

பாண்டியன் பார்த்தான். நல்ல குதிரைகள் என்று மகிழ்ந்தான். விற்றவர் கையிலிருந்த கயிறு வாங்கியவர் கைக்கு மாறியது. கயிறு மாறிவிட்டால் பிறகு விற்றவருக்குப் பொறுப்பில்லை. அன்று இரவு அத்தனை குதிரைகளும் மறுபடி நரிகளாகி, லாயத்தில் முன்பே இருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. தண்டனை கிடைத்தது யாருக்கு? வாதவூரருக்கு. வைகை மணலில் வெயிலில் நிறுத்தினார்கள். அதன் பிறகு வைகையில் வெள்ளம், பிட்டுக்கு மண் சுமந்த கதை என்று புராணம் தொடர்கிறது.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்தக் கதையைப் படித்தால் ஒரு கேள்வி வருகிறது. எதிரில் நிற்பது உண்மையிலேயே குதிரைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார்? அவர் சொன்னால் மற்றவர்கள் ஏன் நம்ப வேண்டும்? மாடோ, குதிரையோ, காரோ, எது ஓடினாலும் பந்தயம் நடக்கிற ஒவ்வோர் இடத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதற்காகவே சிலர் கொடியோடும் கடிகாரத்தோடும் வெயிலில் நிற்கிறார்கள். ஜெயித்தவர் பெயர் ஊருக்கே தெரியும். இவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

மாட்டு வண்டிப் பந்தயத்தில் நடுவர்

முதலில் நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் இருக்கும். கொங்கு நாட்டு ரேக்ளாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்த நேர்த் தடத்தில் ஓடவிட்டு, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடுவார்கள். தென் மாவட்டங்களில் தார்ச்சாலையில் சில மைல் தூரம் போய், எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி.

இதில் விழாக் கமிட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்!

எந்த மாடு எந்தப் பிரிவில் ஓடலாம் என்று பார்க்க வேண்டும். நடுமாட்டுப் பிரிவில் ஒருவர் பெரிய மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டால் பந்தயமே கெட்டுப் போகும். வண்டிகளை வரிசையில் நிறுத்த வேண்டும். வண்டிகள் அதிகம் வந்தால் இரண்டாகப் பிரித்து ஓடவிட வேண்டும். கொடி அசையும் முன் யாரும் கிளம்பாமல் பார்க்க வேண்டும். திரும்புகிற இடத்தில் நம்பிக்கையான ஆள் நிற்க வேண்டும். அவர் பார்க்காவிட்டால், எல்லைக்கு நூறு அடி முன்னாலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டு "தொட்டுவிட்டுத்தான் வந்தேன்" என்று சாதிக்க முடியும். கடைசியாக, இரண்டு ஜோடி மாடுகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு வரும்போது எது முந்தியது என்று சொல்ல வேண்டும்.

கமிட்டிக்காரரும் அதே வட்டாரத்து ஆள்தான். ஓடுகிற வண்டிகளில் ஒன்று அவருடைய மாமன் வண்டியாக இருக்கும். இன்னொன்று, போன வருடம் வாய்க்கால் தகராறில் பேச்சு வார்த்தை நின்றுபோனவருடைய வண்டியாக இருக்கும். அவர் சொல்லைத்தான் இரண்டு பேரும் ஏற்க வேண்டும். "விழாக் கமிட்டியின் முடிவே இறுதியானது" என்று நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போடுவார்கள். நாம் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த வரிதான் பந்தயத்துக்கும் அடிதடிக்கும் நடுவில் இருக்கிற ஒரே வேலி.

இளவரசருக்கே "முடியாது" என்றவர்

இந்த வேலையைச் சட்ட திட்டங்களோடு அமைத்தவர்களில் ஆங்கிலேயக் குதிரைப் பந்தயக்காரர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் உருவான ஜாக்கி கிளப், நியூமார்க்கெட் என்ற ஊரில் நடந்த பந்தயங்களுக்கு விதிகள் வகுத்தது. அவற்றைக் காப்பாற்ற 'ஸ்டூவர்டு'கள் என்ற நடுவர்கள் இருந்தார்கள்.

1791 அக்டோபரில் அவர்களுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. வேல்ஸ் இளவரசருக்கு (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்) 'எஸ்கேப்' என்றொரு குதிரை இருந்தது. அதை ஓட்டியவர் சாமுவேல் சிஃப்னி என்ற புகழ்பெற்ற ஜாக்கி. அக்டோபர் 20 அன்று அந்தக் குதிரை கடைசியாக வந்து தோற்றது. மறுநாள் வேறொரு பந்தயத்தில் அதே குதிரை சுலபமாக ஜெயித்தது. முதல் நாள் தோற்றதால் மறுநாள் அதன் மேல் பணம் கட்டியவர்களுக்கு நல்ல லாபம். வேண்டுமென்றே முதல் நாள் குதிரையை இழுத்துப் பிடித்தார் என்று சந்தேகம் கிளம்பியது.

ஸ்டூவர்டுகள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவரான சர் சார்லஸ் பன்பரி இளவரசரிடமே போய், சிஃப்னி இனிமேலும் உங்கள் குதிரையை ஓட்டினால் எந்தக் கனவானும் உங்களோடு பந்தயத்துக்கு வரமாட்டார் என்று சொல்லிவிட்டார். இளவரசர் தன் ஜாக்கியை விட்டுக் கொடுக்கவில்லை. நியூமார்க்கெட்டை விட்டே விலகிப் போனார். சிஃப்னி உண்மையில் குற்றவாளியா என்பது வேறு விஷயம். நாட்டை ஆளப் போகிறவராக இருந்தாலும் பந்தயத் திடலில் நடுவர் சொல்தான் என்ற வழக்கம் அன்று வேரூன்றியது.

அதற்கு 53 வருடம் கழித்து நடந்தது இன்னும் சுவாரசியமானது. வாதவூரர் கதையை அப்படியே இங்கிலாந்துக்குக் கொண்டு போனதுபோல இருக்கும்!

1844 மே மாதம் எப்சம் திடலில் டெர்பி பந்தயம். டெர்பியில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டும்தான் ஓடலாம். முதலில் வந்தது 'ரன்னிங் ரெயின்'. ஆனால் அது ரன்னிங் ரெயினே இல்லை. 'மக்காபீயஸ்' என்ற நான்கு வயதுக் குதிரையைப் பெயர் மாற்றி ஓட்டிவிட்டார்கள். அந்த வயதில் ஒரு வருட வித்தியாசம் என்பது எட்டாம் வகுப்புப் பையன்களோடு கல்லூரி மாணவன் ஓடுவதுபோல.

இரண்டாவதாக வந்த 'ஆர்லண்டோ'வின் சொந்தக்காரர் ஆட்சேபம் எழுப்பினார், விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. குதிரையின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊர் மாட்டுச் சந்தையில் செய்வதைத்தான் அங்கேயும் செய்ய வேண்டும், பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீதிபதி ஆல்டர்சன், குதிரையைக் கொண்டு வாருங்கள் என்றார். குதிரை வரவே இல்லை, மாயமாக மறைந்துவிட்டது! பரிசு ஆர்லண்டோவுக்குப் போனது. பரி நரியான கதைதான். ஆனால் இந்தத் தடவை கயிறு மாறிய பிறகும் விற்றவனைக் கேள்வி கேட்க ஓர் ஏற்பாடு இருந்தது.

கிண்டியில் ஒரு தராசு

இந்த ஏற்பாடு கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. சென்னை கிண்டியில் 1777லேயே பந்தயத் திடலுக்கு நிலம் ஒதுக்கினார்கள். 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடங்கியது.

பந்தய நாளில் எத்தனை அதிகாரிகள்! ஓட்டத்தைத் தொடங்கி வைப்பவர் ஸ்டார்ட்டர். முடிவைச் சொல்பவர் ஜட்ஜ். வலுவான குதிரைக்கு அதிக எடை, வலுக் குறைந்ததற்குக் குறைந்த எடை என்று கணக்குப் போட்டு எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு ஏற்படுத்துபவர் ஹேண்டிகேப்பர். கால்நடை மருத்துவர் ஒரு பக்கம். முறையீடு வந்தால் விசாரித்துத் தீர்ப்பு சொல்ல ஸ்டூவர்டுகள்.

இவர்களில் அதிகம் பேசப்படாதவர் தராசுக்குப் பொறுப்பானவர். ஜாக்கி தன் சேணத்தோடு பந்தயத்துக்கு முன்னால் எடை பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்த பிறகு மறுபடியும் தராசில் ஏற வேண்டும். நடுவில் ஈயத் துண்டு எதையாவது கழற்றி எறிந்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வார், ஜெயித்த பந்தயமும் கையை விட்டுப் போகும். திருக்குறளில் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் வள்ளுவர் உவமையாகக் காட்டுவது தராசுக்கோலைத்தான். கிண்டியில் அந்த உவமை ஒருவருடைய தினசரி வேலையாகவே இருந்தது!

குதிரைப் பந்தயம் சூதாட்டம்தான் என்று 1974இல் தமிழக அரசு தடைச் சட்டம் கொண்டு வந்தது. வழக்கு நீண்டுகொண்டே போனது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. கொஞ்சம் யோசித்தால், அந்தத் திறமை வெளியே தெரிவதற்கே நடுவர்கள் வேண்டியிருக்கிறது. எடையும் வயதும் தொடக்கமும் முடிவும் ஒழுங்காகச் சரிபார்க்கப்படாத இடத்தில் திறமைக்கு என்ன மதிப்பு? 2024 செப்டம்பரில் குத்தகை ரத்தாகி, கிண்டித் திடல் நிலத்தை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது.

அசையாத ஒரு கொடி

நடுவர் சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் உலகத்துக்கே தெரியும். அதற்கு உதாரணம் 1993 ஏப்ரல் 3 அன்று இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ திடலில் நடந்த கிராண்ட் நேஷனல் பந்தயம்.

மொத்தம் 39 குதிரைகள். தொடக்கத்தில் குறுக்கே கட்டிய நாடா ஒரு ஜாக்கியின் மேல் சிக்கியது. தவறான தொடக்கம் என்று நிறுத்த, ஸ்டார்ட்டர் சிவப்புக் கொடியை உயர்த்தினார். கொடி விரியவில்லை! முன்னால் நின்றிருந்த உதவியாளர் வழியாகவும் செய்தி ஜாக்கிகளுக்குப் போய்ச் சேரவில்லை. 30 குதிரைகள் ஓடத் தொடங்கிவிட்டன. 7 குதிரைகள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன. முதலில் வந்த 'எஷா நெஸ்' குதிரையின் ஜாக்கிக்கு வாழ்நாள் கனவு நிறைவேறிய சந்தோஷம் சில நொடிதான். பந்தயம் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு முழத் துணி விரியாததால் உலகப் புகழ் பெற்ற பந்தயத்தில் அந்த வருடம் வெற்றியாளரே இல்லாமல் போனார்.

சோழவரத்திலிருந்து சென்னைச் சாலை வரை

மோட்டார் பந்தயத்தில் தவறு நடந்தால் போவது பரிசு மட்டுமல்ல, உயிர்.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளம்தான் அப்போது பந்தயத் தடம். பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. இப்படிப்பட்ட தடங்களின் வளைவுகளில் கொடியோடு நிற்பவர்களை மார்ஷல் என்பார்கள். உலகம் முழுக்கப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். சம்பளத்துக்காக அல்ல, பந்தயத்தின் மேல் உள்ள ஆசையால் வருபவர்கள். மாணவர்களும் உண்டு.

மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். கறுப்பு என்றால் குறிப்பிட்ட வண்டி தடத்தை விட்டு உள்ளே வர வேண்டும். கட்டம் போட்ட கொடி முடிவுக்கு. கேட்க எளிதாக இருக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 55 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். மார்ஷல் ஒரு நொடி தாமதித்தால் அவ்வளவுதான்.

1977 மார்ச் 5. தென்னாப்பிரிக்காவில் கயலாமி தடம். ஒரு கார் தடத்தின் ஓரம் நின்று புகையத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் இருந்த இரண்டு மார்ஷல்கள் தீயணைப்புக் கருவியோடு தடத்தின் குறுக்கே ஓடினார்கள். ஒருவர் தப்பினார். பிரெடெரிக் யான்சன் வான் வூரன் என்ற 19 வயது இளைஞர் தப்பவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த டாம் பிரைஸின் கார் அவர் மேல் மோதியது. அவர் கையிலிருந்த கருவி பட்டு பிரைஸும் அங்கேயே இறந்தார். முன்பின் பார்த்திராத ஒரு ஓட்டுநரைக் காப்பாற்ற ஓடிய பையனுக்கு வயது 19! கல்லூரியில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் வயது.

2000இல் இத்தாலியின் மோன்சாவில் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்டி, 2001இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கிரஹாம் பெவரிட்ஜ் என்று மேலும் இரண்டு மார்ஷல்கள், விபத்தில் தெறித்து வந்த சக்கரம் பட்டு உயிரிழந்தார்கள். காரிலிருந்து சக்கரம் எளிதில் பிய்ந்து போகாதபடி கட்டி வைக்கும் கயிறுகள் பலப்படுத்தப்பட்டதற்கு இப்படிப்பட்ட மரணங்களும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 2011இல் முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயம் நொய்டா அருகே புத் தடத்தில் நடந்தது. முதல் பயிற்சி ஓட்டத்திலேயே தெருநாய் ஒன்று தடத்துக்குள் ஓடி வந்து ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்து உடனே கொடி காட்ட ஓர் ஆள் இல்லாவிட்டால்? 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடக்க இருந்தது. அரசு தயார், வண்டிகள் தயார், கூட்டமும் தயார். ஆனால் தடம் பாதுகாப்பானது என்று பன்னாட்டு ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் சான்றிதழ் வரும் வரை ஓட்டம் தொடங்கவில்லை. உயர் நீதிமன்றமும் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லியிருந்தது. பரிசோதித்துப் பார்ப்பவருடைய ஒரு கையெழுத்துக்காக ஒரு நகரமே காத்திருந்தது.

மறுபடி மதுரை

இப்போது வாதவூரர் வட்டாரத்துக்கே திரும்புவோம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் மாணவர்கள் கூடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைத் தொடர்ந்து ஜல்லிக்கட்டுக்கு மாநில அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

வாடிவாசல் மறுபடி திறந்தபோது நடுவர்கள் கூட்டமும் பெருகியது. மாவட்ட ஆட்சியர் அனுமதி, காளைகளுக்குக் கால்நடை மருத்துவர் பரிசோதனை, வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, எண் போட்ட பனியன் என்று எல்லாவற்றுக்கும் விதிகள். 2020இல் அவனியாபுரம் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது என்று தகராறு வந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரையே மேற்பார்வைக்கு நியமித்தது. கமிட்டியின் சொல்லில் நம்பிக்கை குறைந்தால் கடைசியில் நீதிமன்றத்திலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது.

ஜல்லிக்கட்டு ஓட்டப் பந்தயம் இல்லைதான். ஆனால் நடுவரின் சிக்கல் அங்கேயும் அதேதான். 2021இல் அலங்காநல்லூரில் நடந்ததைப் பாருங்கள். 12 காளைகளைப் பிடித்தவர் என்று ஒரு வீரருக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். 33ஆம் எண் பனியன் போட்டிருந்தவர் அவர். ஆனால் அந்த எண் வேறொருவர் பெயரில் பதிவானது, நடுவில் பனியன் கை மாறிவிட்டது என்று இரண்டாம் இடம் வந்தவர் புகார் கொடுத்தார். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது, பரிசு வழங்கத் தடையும் வந்தது.

புராணத்தில் கயிறு மாறியது. எப்சமில் குதிரையின் பெயர் மாறியது. அலங்காநல்லூரில் பனியன் மாறியது என்று புகார். காலம் எவ்வளவோ போய்விட்டது, கேமரா வந்துவிட்டது, கேள்வி மட்டும் மாறவில்லை: எதிரில் நிற்பது நரியா, பரியா?

அந்தக் கேள்விக்கு "பரிதான்" என்றோ "நரி" என்றோ தைரியமாகச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொந்தக்காரன் முகத்தைப் பார்க்கக் கூடாது, இளவரசர் முகத்தையும் பார்க்கக் கூடாது. தப்பாகச் சொன்னால் பழி அவருக்கு. சரியாகச் சொன்னால் மாலை வேறொருவருக்கு!

அடுத்த முறை மேலூர்ச் சாலையில் மாட்டு வண்டிகள் புழுதி பறக்க வரும்போது எல்லோரும் முதலில் வருகிற மாட்டைத்தான் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு நிமிடம், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண் கொட்டாமல் நிற்கிற மனிதரையும் பாருங்கள். அவரை நம்பித்தான் அத்தனை மாடுகளும் ஓடுகின்றன.